படுக்கையில் மலர்ந்த புனிதை: லிட்வினா

ஏப்ரல் 14. தமிழ்ப் புத்தாண்டை நாம் கொண்டாடும் இந்நாளில், தீராத நோயாளிகளின் பாதுகாவலியான புனித லிட்வினாவைத் திருச்சபை நினைவுகூர்கிறது.

இவர் 1380ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டின் ஸ்கீடம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பீட்டர் ஊர்க்காவல் பணி செய்த ஏழை. லிட்வினாவுக்கு 15 வயது. குளிர்காலத்தில் ஒருநாள் தோழியருடன் உறைபனி மீது சறுக்கி விளையாடியபோது கீழே விழுந்தார். விலா எலும்பு முறிந்தது. அதன்பின் அவர் முழுமையாக நலம் பெறவே இல்லை.

முதலில் நடை தள்ளாடியது. சுவரையும் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு நடந்தார். கடும் தலைவலி வந்தது. 19 வயதுக்குள் கால்கள் செயலிழந்தன, பார்வை மங்கியது. சில காலம் நோய் தணியும், பிறகு மீண்டும் கூடும். இப்படியே ஏறத்தாழ 37 ஆண்டுகள் கடந்தன.

தொடக்கத்தில் அவரும் நம்மைப் போலத்தான் மனம் கசந்து அழுதார். ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்க ஒரு குருவானவர் கற்றுத் தந்தார். அதன்பின் தம் துன்பத்தை அவர் செபமாக மாற்றினார். தமக்குக் கிடைத்த உதவிகளைப் படுக்கையில் இருந்தபடியே ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். 1433ஆம் ஆண்டு பாஸ்கா வாரச் செவ்வாயன்று இறைவனடி சேர்ந்தார். கிறிஸ்துநாதர் அனுசாரம் வழியாக நாம் அறிந்த தாமஸ் அ கெம்பிஸ் இவருடைய வரலாற்றை எழுதினார். 1890இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் இவரது புனித வணக்கத்தை உறுதிசெய்தார்.

அவருடைய நோய்க்கு அக்காலத்தில் பெயர் இல்லை. 1868இல்தான் பிரான்சு நாட்டு மருத்துவர் ஷார்கோ, மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்னும் நரம்பு நோயைத் தெளிவாக விளக்கினார். லிட்வினாவுக்கு இருந்தது இதுவாக இருக்கலாம் என்று 1979இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் கருத்து வெளியானது. முடிவான தீர்ப்பு அல்ல என்றாலும் பல அறிகுறிகள் பொருந்துகின்றன.

மின்கம்பியின் மேலுறை போல நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. நம் உடலின் எதிர்ப்பு சக்தியே அதைத் தாக்குவதுதான் இந்நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பரம்பரைக் கூறு, எப்ஸ்டீன்-பார் என்ற பரவலான வைரஸ், வைட்டமின் டி குறைவு, புகைபிடித்தல், இளவயது உடல் பருமன் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. இது தொற்றாது. யாருடைய பாவத்துக்கும் தண்டனை அல்ல, செய்வினையும் அல்ல.

குளிர்நாடுகளில் இந்நோய் அதிகம். உலகில் 28 இலட்சம் பேருக்கு இது இருப்பதாக 2020இல் மதிப்பிட்டனர். நம் நாட்டில் இது மிக அரிது என்றே நெடுங்காலம் எண்ணினர். ஆனால் மங்களூர் நகரில் முறையாகக் கணக்கெடுத்தபோது, இலட்சத்துக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேல் இருப்பது தெரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மொத்தம் 52 இலட்சம் மக்கள். அதே விகிதம் இங்கும் பொருந்தினால் நானூறு பேருக்கு மேல் இருக்க வேண்டும்.

அவர்கள் எங்கே? தறியில் நூல் கோக்கும்போது ஒரு கண் மட்டும் மங்கிய சகோதரியாக இருக்கலாம். கிளட்சை மிதிக்கும் கால் மரத்துப்போன லாரி ஓட்டுநராக இருக்கலாம். சத்துக்குறைவு, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக் காலம் கடத்துகிறோம். சில வாரங்களில் தானாகவே சரியானதும் மறந்துவிடுகிறோம். நரம்பியல் மருத்துவரிடம் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முழுமையாகக் குணப்படுத்த இயலாவிட்டாலும், நோய் திரும்பத் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் இன்று உண்டு. தாமதமின்றித் தொடங்குவது நல்லது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்நோயை ஏற்றுக்கொண்டுள்ளது.

அன்பார்ந்தவர்களே, காணாமற்போன ஒரே ஓர் ஆட்டையும் எண்ணித் தேடியவர் நம் நல்லாயன். கண்டறியப்படாதவர் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. சோம்பேறி, நடிக்கிறாள் என்று நாம் ஒதுக்கிய ஒருவர் நம் அன்பியத்திலேயே இருக்கலாம். இவ்வாரம் அவர் வீட்டுக்குப் போவோம். அருகில் அமர்ந்து கேட்போம். தேவையெனில் மருத்துவமனைக்கும் துணையாய்ச் செல்வோம்.

புனித லிட்வினாவே, எங்கள் நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்ளும்.