கடலடிக் கம்பியும் மார்க்கோனியும்

கண்டம் விட்டுக் கண்டம் விரைந்து செய்தி செல்லக் கடலடிக் கம்பி ஒன்றே வழியாயிருந்த காலம் உண்டு. அக்கம்பிகளை இட்டுத் தந்தி அனுப்பிய கம்பெனிகள் பெருஞ்செல்வம் படைத்தவை. அவற்றுக்கு அச்சம் விளைவித்தவர் ஓர் இத்தாலிய இளைஞர்.

குலீல்மோ மார்க்கோனி 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் பொலோனா நகரில் பிறந்தார். தந்தையார் நிலக்கிழார், தாயார் அயர்லாந்து நாட்டினர். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்த மின்காந்த அலைகளைக் கொண்டு கம்பியின்றித் தந்தி அனுப்ப மார்க்கோனி முயன்றார். 1895-இல் தம் வீட்டருகேயிருந்த குன்றுக்கு அப்பாலும் குறிகளைச் செலுத்தினார். மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். 1897-இல் அங்குத் தம் கம்பெனி தோன்றியபோது அவருக்கு வயது 23.

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், நியூபவுண்டுலாந்துத் தீவில், பட்டம் ஒன்றில் கட்டி உயர்த்திய கம்பியின் துணையால், இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று புள்ளிக் குறியைக் கேட்டதாக அவர் அறிவித்தார். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். இதனை அறிஞர் சிலர் ஐயுற்றனர். இன்றும் ஐயுறுவோர் உளர். அங்கிருந்த தந்திக் கம்பெனியோ ஐயுறவில்லை போலும்! அத்தீவில் தந்தி நடத்தும் உரிமை தனக்கே உரியது என்று கூறி, வழக்குத் தொடுப்பதாக அச்சுறுத்தியது. மார்க்கோனி அவ்விடம் விட்டகன்றார். கனடா அரசு அவரை வரவேற்று, நிலையம் அமைக்கப் பொருளுதவி புரிந்தது.

1909-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அவர் கம்பெனிப் பணியாளர் அனுப்பிய செய்தியால் 700-க்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர். எனினும் நெடுந்தொலைவுத் தந்தியில் கடலடிக் கம்பியே மேலோங்கியிருந்தது. அலை நீண்டால்தான் தொலைவு கூடும் என்று நம்பி, அவர் வானளாவிய கோபுரங்களை எழுப்பியிருந்தார். அவற்றுக்கு வேண்டிய மின்னாற்றலும் செலவும் மிகப் பெரியன. முதல் உலகப்போர்க் காலத்தில் அந்நம்பிக்கையை விடுத்துச் சிற்றலைகளை ஆராயத் தலைப்பட்டார். விளக்கொளியை ஆடி ஒருபுறம் திருப்புவதுபோல், அவ்வலைகளை ஒரே திசையிற் செலுத்தினால் சிறிய ஆற்றலே போதுமானதாயிற்று. 1926-இல் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் இடையே இச்சேவை தொடங்கியது. 1927-இல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளுக்கும் பரவியது. கட்டணம் குறைவு, ஆதலின் மக்கள் அதனை நாடினர்.

கடலடிக் கம்பிக் கம்பெனிகள் வருவாய் இழந்து தளர்ந்தன. அவை அழிந்துபடுவதை அரசினர் விரும்பவில்லை. வானில் செல்லும் செய்தியைப் பகைவரும் கேட்கலாம்; கடலடிக் கம்பியில் செல்வதை அவ்வளவு எளிதிற் கேட்க இயலாது. எனவே 1928-இல் இலண்டனில் கூடிய மாநாடு இருதிறத்தாரையும் இணைக்கப் பரிந்துரைத்தது. 1929-இல் புதிய கம்பெனி உருவாயிற்று. விந்தை என்னவெனில், போட்டியில் வென்றது கம்பியில்லாத் தந்தி. புதிய கம்பெனியில் பெரும்பங்கு பெற்றவரோ கம்பித் தந்தியினர். செல்வத்தில் அவர்களே பெரியோர். 1934-இல் அக்கம்பெனி கேபிள் அண்டு வயர்லெஸ் என்று பெயர் மாற்றம் பெற்றது.

மார்க்கோனி இறுதிநாள்வரை இன்னும் சிறிய அலைகளை ஆராய்ந்தார். 1923-இல் முசோலினியின் கட்சியிற் சேர்ந்தது அவர் புகழுக்கு நேர்ந்த மாசாகும். 1937-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் அவர் ரோமில் காலமானார். பிரிட்டனில் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தி அவருக்கு அஞ்சலி செலுத்தின.