நாயிடம் பாடம் கற்ற அறிஞர்

டாலிகஞ்ச் தெருக்களில் உள்ள தேநீர்க் கடைகளைக் காலை வேளையில் உற்று நோக்கினால் ஒரு காட்சி புலப்படும். கடைக்காரர் பிஸ்கட் சாடியின் மூடியைத் திருகும் ஓசை கேட்டதும், அதுவரை படுத்திருந்த தெருநாய் தலையை நிமிர்த்தும், வாலை ஆட்டும், அதன் வாயில் நீர் ஊறும். பிஸ்கட்டை அது இன்னும் காணவில்லை. வெறும் ஓசைக்கு வாயில் நீர் ஊறுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர், உருசிய நாட்டு உடலியல் அறிஞர் இவான் பாவ்லாவ்.

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ரியசான் நகரில் 1849ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் பாவ்லாவ் பிறந்தார். தந்தை கிறித்தவ ஆலயக் குரு. சிறு வயதில் உயரத்திலிருந்து விழுந்து காயமுற்றமையால், பாவ்லாவ் ஏனைய சிறுவர்களைவிடக் காலந்தாழ்ந்தே பள்ளியில் சேர்ந்தார். தந்தையைப் போல் குருவாக வேண்டும் என்று சமயக் கல்விக்கூடத்தில் பயின்றார். ஆயினும் அறிவியல் நூல்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1870ஆம் ஆண்டு அப்படிப்பை விடுத்துப் புனித பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தை அடைந்தார். பின்னர் மருத்துவமும் கற்றுத் தேர்ந்தார்.

1881இல் செராஃபிமா என்பாரை மணந்தார். வறுமை அவர்களை நெடுநாள் வருத்தியது. அவரது நிலை கண்ட மாணவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தபோது, அதனையும் ஆய்வுக்குரிய விலங்குகளுக்கே அவர் செலவிட்டார் என்பது அவர் வரலாற்றில் குறிக்கப்படும் செய்தியாகும்.

உண்ட உணவு எவ்வாறு செரிக்கிறது என்பதே அவரது முதல் ஆராய்ச்சி. நாய்களுக்கு அறுவை செய்து, செரிமான நீர் சிறு குழாய் வழியே வெளியே வருமாறு அமைத்தார். அறுவைக்குப் பின் அவை நலமுடன் வாழ வேண்டும் என்பதில் கருத்தாக இருந்தார். எனினும் அந்நாய்கள் பட்ட துன்பமும் சிறிதன்று. செரிமானம் பற்றிய இவ்வாராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். உருசியர் ஒருவர் பெற்ற முதல் நோபல் பரிசு அதுவே.

அப்பெரும்புகழுக்குப் பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ட ஒரு சிறு செய்தி அவரைப் புதிய வழியில் செலுத்தியிருந்தது. உணவு கொண்டுவரும் பணியாளரைக் கண்டாலே நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்தது. இதனைத் தொல்லை என்று பிறர் தள்ளியிருக்கக்கூடும். பாவ்லாவ் இதனையே ஆராயத் தொடங்கினார். தாளக்கருவியின் ஓசையை எழுப்பி உடனே உணவு கொடுத்தார். பலமுறை இவ்வாறு செய்தபின், ஓசை மட்டுமே உமிழ்நீரைச் சுரக்கச் செய்தது. மணியோசை, விளக்கொளி, தோலைத் தொடுதல் ஆகியவற்றாலும் அதே பயன் விளைந்தது. உமிழ்நீரின் துளிகளை எண்ணியே நாயின் கற்றலை அவர் அளந்தார்.

இவ்வாய்வுகளால் சில உண்மைகள் தெளிவாயின. குறிப்பு முதலிலும் உணவு அடுத்தும் வரவேண்டும். வரிசை மாறினால் நாய் எளிதில் கற்பதில்லை. உணவு தராமல் குறிப்பை மட்டும் பலமுறை காட்டினால் கற்றது மங்கிவிடும். மற்றோர் ஆய்வில், வட்டத்தைக் கண்டால் உணவு உண்டு, நீள்வட்டத்தைக் கண்டால் இல்லை என்று ஒரு நாய் கற்றது. நீள்வட்டத்தை மெல்ல மெல்ல வட்டம் போல் ஆக்கியபோது, வேறுபாடு காண இயலாமல் நாய் கலங்கியது. முன்பு கற்றதையும் இழந்தது. அளவுக்கு மீறிக் கடினமான பாடம் கற்றதையும் கெடுக்கும் என்பது இதனால் விளங்கும்.

நாய்க்கு வித்தை கற்பிப்பது பாவ்லாவின் நோக்கமன்று. செயலுக்கு உணவைப் பரிசாகத் தந்தால் அச்செயல் நிலைபெறும் என்பதை அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கொண்டு காட்டினார். இவ்விருவர் கண்டவையும் சேர்ந்தே இன்றைய நாய்ப் பயிற்சிக்கு அடிப்படையாகும். நாய் அமர்ந்தவுடன் ஒரு துண்டு உணவு தந்தால், அமர்வதை அது விரும்பிக் கற்கும். சற்று நேரம் கழித்துத் தந்தால் எதற்காகத் தந்தோம் என்பதை அது அறியாது. தமிழில் 'வா' என்று அழைத்தாலும், வங்காளத்தில் 'ஆய்' என்று அழைத்தாலும் நாய்க்கு ஒன்றே. அச்சொல்லைத் தொடர்ந்து என்ன வருகிறது என்பதையே அது நினைவில் கொள்கிறது. அதனால் ஒரு வீட்டார் அனைவரும் ஒரே சொல்லை ஆளுதல் நன்று.

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நாட்டில் கொடும்பஞ்சம் தோன்றியது. ஆய்வுக்கூட நாய்கள் பல பசியால் மடிந்தன. பாவ்லாவ் தாமே தோட்டத்தில் காய்கறி பயிரிட்டார்; ஆய்வையும் கைவிடவில்லை. 1924ஆம் ஆண்டு நகரில் வெள்ளம் புகுந்தபோது, கூண்டில் இருந்த நாய்கள் அரிதின் மீட்கப்பட்டன. அவற்றுள் சில, அச்சத்தால் முன்பு கற்றதை மறந்திருந்தன. அச்சம் கல்விக்குப் பகை என்பதையும் பாவ்லாவ் அந்நாய்களிடமிருந்து அறிந்தார்.

1935ஆம் ஆண்டு, அவர் பணியாற்றிய நிறுவனத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், தம் 86ஆம் வயதில் பாவ்லாவ் மறைந்தார். அறிஞரின் புகழுக்குப் பின்னே பெயர் அறியப்படாத பல நாய்களின் உழைப்பும் உண்டு என்பதை அச்சின்னம் இன்றும் உணர்த்தி நிற்கிறது.

சிந்தித்து விடை எழுதுக
1. குறிப்புக்குப் பின் உணவு வராவிட்டால் நாயின் கற்றல் என்னவாகும்?
2. வட்டம், நீள்வட்டம் பற்றிய ஆய்வு கூறும் உண்மை யாது?
3. நாய்க்கு நினைவுச்சின்னம் எழுப்பியது தகுமா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.