எலிப் பண்ணை அம்மையார்

வீட்டில் ஓர் எலி ஓடினாலே பொறி தேடுகிறோம். 11 ஆயிரம் எலிகளுக்கு வேளை தவறாமல் தீனி போட்டு வளர்த்தார், ஒரு பெண்மணி!

அவர் பெயர் அபி லாத்ராப். 1868-ம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தார். தாயும் தந்தையும் பள்ளி ஆசிரியர்கள். 16 வயது வரை வீட்டிலேயே பாடம் படித்தார். பிறகு அவரும் ஆசிரியை ஆனார். உடல்நலம் கெட்டதால் வேலையை விட்டார். 1900-ம் ஆண்டு வாக்கில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்ற சிற்றூரில் கோழிப் பண்ணை வைத்தார். அதில் நஷ்டம்தான் மிச்சம்.

ஆடும் எலிகள்

அந்தக் காலத்தில் அங்கே அழகு எலிகளைச் செல்லமாக வளர்ப்பவர்கள் பலர். ஜப்பானில் இருந்து வந்த ஒரு வகை எலி, பம்பரம் போலச் சுழன்று ஆடும். அது கலை அல்ல. உள்காதில் உள்ள பிறவிக் குறை! அத்தகைய எலிகளை அம்மையார் வளர்க்கத் தொடங்கினார். எலிகள் பெருகின. ஓட்ஸ் தானியமும் ரொட்டி பிஸ்கட்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. கூண்டுகளைச் சுத்தம் செய்ய ஊர்ச் சிறுவர்கள் கூலிக்கு வந்தார்கள்.

செல்லப் பிராணியாக வாங்கியவர்களைவிட ஆராய்ச்சியாளர்களே அதிகமாக வாங்கத் தொடங்கினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் காசிலும் அவர்களில் ஒருவர்.

எந்த எலி எதற்குப் பிறந்தது என்பதை அம்மையார் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். மளிகைக் கணக்குப் போலத்தான். ஆனால் அந்தக் கணக்குதான் அவரை விஞ்ஞானி ஆக்கியது.

எலி உடலில் புண்

1908-ம் ஆண்டில் சில எலிகளின் தோலில் வினோதமான புண்கள் தெரிந்தன. வேறொருவராய் இருந்தால் எலிகளைத் தூக்கி எறிந்திருப்பார். அம்மையாரோ அவற்றை நிபுணர்களுக்கு அனுப்பினார். லியோ லோப் என்ற மருத்துவ விஞ்ஞானி சோதித்துப் பார்த்தார். அது புற்றுநோய்!

இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். சில எலிக் குடும்பங்களில் மார்புப் புற்றுநோய் அதிகம். சில குடும்பங்களில் குறைவு. பெண் எலியின் சினைப்பையை எடுத்துவிட்டால் நோய் குறைந்தது. இருவர் பெயரிலும் 10 கட்டுரைகள் வெளிவந்தன. பட்டம் பெறாத பண்ணைக்காரப் பெண்ணுக்கு அந்நாளில் இது எளிதில் கிடைக்கும் இடம் அல்ல.

எலிகளின் நோயை ஆராய்ந்தவரை வேறொரு நோய் அரித்துக்கொண்டிருந்தது. அது கொடிய ரத்தசோகை. 1918-ல் அம்மையார் காலமானார். வயது சுமார் 50. அந்த நோய்க்கு ஈரலை உணவாகக் கொடுத்தால் குணமாகும் என்று அதே மாநிலத்தில், பாஸ்டன் நகர மருத்துவர்கள் அறிவித்தது 1926-ல். எட்டே ஆண்டு தாமதம்!

57-ம் எண் எலி

ஹார்வர்டில் காசிலிடம் படித்தவர் கிளாரன்ஸ் லிட்டில். 1921-ல் அவர், அம்மையாரின் பண்ணை எலிகளில் 57-ம் எண் பெண் எலியைத் தேர்ந்தெடுத்தார். அதன் சந்ததியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஜோடி சேர்த்தே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். இப்படி 20 தலைமுறை போனால், எல்லா எலிகளும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே பிறவிக்கூறு உடையவை ஆகிவிடும். அப்படி வந்த கறுப்பு எலி இனத்துக்கு சி-57 என்று பெயர்.

1959-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு குப்பியில் தண்ணீர். இன்னொன்றில் சாராயம் கலந்த தண்ணீர். கறுப்பு எலிகள் சாராயக் குப்பியை நாடின. டி.பி.ஏ. என்ற பழுப்பு எலி இனமோ அதைத் தொடவே விரும்பவில்லை. எலிக்குக் குடிப்பழக்கமா என்று சிரிக்க வேண்டாம். வளர்ப்பு ஒன்று, தீனி ஒன்று, இனம்தான் வேறு. ஆகவே அந்த வேறுபாடு பிறவியிலேயே வந்தது என்று தெரிந்தது.

மார்பின் என்ற வலிமருந்திலும் அப்படியே. ஊசி போட்டதும் கறுப்பு எலி கூண்டுக்குள் அங்கும் இங்கும் ஓடும். பழுப்பு எலிக்கு அந்த ஓட்டம் இல்லை. ஒரே மருந்து ஆளுக்கு ஆள் ஏன் மாறி வேலை செய்கிறது என்று தேடுகிறவர்களுக்கு இந்த எலிகள் பெரிய துணை.

2002-ல் எலியின் மரபுக்கூற்றைப் படித்து அதன் வரைவை வெளியிட்டார்கள். அதற்கு எடுத்துக்கொண்டதும் சி-57 இனத்தைச் சேர்ந்த பெண் எலியே. லிட்டில் 1929-ல் மெயின் மாநிலத்தில் தொடங்கிய ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடத்தில் அம்மையாரின் நோட்டுப் புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.