யானைக்காலை விரட்டிய சுப்பாராவ்

தம்பி தங்கைகளே! குடவாசல், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் உங்களுக்குத் தாத்தா பாட்டி இருக்கிறார்களா? அப்படியானால் அந்தக் காலத்து யானைக்கால் நோயைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கால் வீங்கி, தோல் தடித்து, யானையின் கால் போலவே ஆகிவிடும். அந்தக் காலோடு வயலில் இறங்கி நாற்று நட முடியாது. ஊரார் கேலி வேறு!

கொசு கடிப்பதால் உடம்புக்குள் புகும் மெல்லிய புழுக்கள்தான் இதற்குக் காரணம். பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கிவிடும். அவை போடும் குட்டிப் புழுக்கள் இரவு நேரத்தில்தான் ரத்தத்தில் அதிகமாகச் சுற்றும். அதனால்தான் சுகாதாரத் துறையினர் ராத்திரியில் வீடு வீடாக வந்து, விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். பிற்காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் 'டி.இ.சி.' என்ற மாத்திரையும் கொடுத்தார்கள். உங்கள் அப்பா அம்மா அதை நிச்சயம் விழுங்கியிருப்பார்கள்!

அந்த மருந்தைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர், சென்னையில் படித்த ஓர் இந்தியர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் கதையைக் கேளுங்கள்.

1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி, ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். அப்போது அந்த ஊரும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. வீட்டில் வறுமை. சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை. காசிக்குப் போய், யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். பாதி வழியிலேயே பிடிபட்டான். அம்மா வெங்கம்மா மகனைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். மகன் படிக்க வேண்டும் என்று தன் நகைகளையும் விற்றார்.

உடனே முதல் மாணவனாகிவிட்டான் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார் சுப்பாராவ். பிறகு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். அடுத்து மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். துறவியாகப் போய்விடலாமா என்றுகூட ஓர் ஆசை வந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. நோயாளிகளுக்குச் சேவை செய்வதும் ஒரு தவம்தானே? சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்திஜி அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். பாடங்களை நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடச் சிறியதான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர், எட்டே நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். 'ஸ்புரூ' என்ற குடல் நோய் அவர்களைக் கொண்டுபோனது. சாப்பிடும் சாப்பாடு உடம்பில் ஒட்டாது. ரத்தம் குறைந்து, ஆள் தேய்ந்துகொண்டே போவார். அந்த நோய்க்கு அப்போது சரியான மருந்து இல்லை. டாக்டருக்குப் படித்தும் உடன்பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லையே! மருந்து இல்லாத நோய்களுக்கு மருந்து தேட வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது.

1920-களின் தொடக்கத்தில் கப்பலேறி அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிப் படித்தார். கையில் காசில்லை. என்ன செய்தார் தெரியுமா? பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் வேலை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளின் மலச் சட்டிகளை எடுத்துக் கொட்டிக் கழுவும் வேலை! டாக்டர் பட்டம் வாங்கியவர் அதைக் கேவலமாக நினைக்கவில்லை.

பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இங்கேதான் உயிரியலும் வேதியியலும் அவர் கையில் ஒன்று சேர்ந்தன. ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அப்போது கடினமான வேலை. ஃபிஸ்கும் சுப்பாராவும் 1925-இல் ஒரு சுலபமான வழியை வெளியிட்டார்கள். சில ரசாயனங்களைச் சேர்த்தால் திரவம் நீல நிறமாக மாறும். பாஸ்பரஸ் கூடக் கூட நீலமும் அடர்த்தியாகும். நிறத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம். மருத்துவம், உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் இந்த முறையை இருவர் பெயராலும் பாடத்தில் படிக்கிறார்கள்.

இந்த நீலத் திரவம் இன்னொரு கதவையும் திறந்தது. நாம் ஓடுகிறோம், கபடி ஆடுகிறோம், மூட்டை தூக்குகிறோம். தசைக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? தசைக்குள் பாஸ்பரஸ் அடங்கிய பொருள்களைத் தேடிப் போனார்கள் இருவரும். 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைப் பற்றி எழுதினார்கள். 1929-இல் ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியை உடம்பு ஏ.டி.பி.யாக மாற்றி வைத்துக்கொள்கிறது. கடையில் செலவழிக்கச் சில்லறை வைத்திருக்கிறோம் அல்லவா, அது மாதிரி!

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். விரைவிலேயே அதன் ஆராய்ச்சித் தலைவர் ஆனார். அவருடைய குழுவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் பிறந்தன.

முதலில் போலிக் அமிலம். ரத்தம் ஊறுவதற்குத் தேவையான வைட்டமின் இது. கீரையிலும் ஈரலிலும் மிகச் சிறிதளவு இருக்கும். அதைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டு, 1945-இல் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துவிட்டார்கள். ஸ்புரூ நோய்க்கு அது நல்ல மருந்தாக அமைந்தது. ஆமாம், அவருடைய சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்புரூ! அவர்களுக்குக் கிடைக்காத மருந்து மற்றவர்களுக்குக் கிடைத்தது.

1947-இல் யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்து வெளிவந்தது. வீங்கிய காலைப் பழையபடி ஆக்க அதனால் முடியாது. ஆனால் ரத்தத்தில் சுற்றும் குட்டிப் புழுக்களை ஒழித்துவிடும். புழு இல்லாத ரத்தத்தைக் குடிக்கும் கொசு, அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோக முடியாது. ஊரே சேர்ந்து மாத்திரை போட்டால் ஊரே தப்பிக்கும். காவிரிக் கரையில் வீடு வீடாக மாத்திரை கொடுத்தது இதற்காகத்தான்.

அடுத்தது ரத்தப் புற்றுநோய். போலிக் அமிலம் போலவே தோற்றம் உள்ள சில ரசாயனங்களைக் குழு உருவாக்கியது. புற்றுச் செல்கள் ஏமாந்து அதை எடுத்துக்கொள்ளும். பெருக முடியாமல் போகும். எப்படி இருக்கிறது தந்திரம்? பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், அப்படி ஒரு மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. கொஞ்ச காலத்துக்குத்தான் என்றாலும், அதுவரை கைவிரித்திருந்த டாக்டர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது.

மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசின் என்ற கிருமிக்கொல்லியும் இதே ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் நிபுணர். அப்போது அவருக்கு வயது 70-க்கும் மேல்! சுப்பாராவ் யாருடைய உழைப்பையும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டவர் அல்ல. பேட்டி, புகைப்படம் என்றாலே ஒதுங்கிவிடுவார். அதனால்தானோ என்னவோ, அவர் பெயர் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், 53 வயதில் சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். கப்பலேறிப் போனவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரி இங்கே காத்திருந்தார். அம்மாவையும் அவர் மறுபடி பார்க்கவில்லை. அந்தப் பெரிய வேலைக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது. 1995-இல் அவருடைய நூற்றாண்டை ஒட்டி இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்: சுப்பாரோமைசஸ்!

தம்பி தங்கைகளே, குடவாசலிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் அக்கா அண்ணன்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் வேதியியல் படிப்பார்கள். சிலர் விலங்கியலோ தாவரவியலோ படிப்பார்கள். புத்தகம்தான் வேறு வேறு. உடம்புக்குள் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. புழுவைப் பற்றி மட்டும் தெரிந்தவரால் மருந்து செய்ய முடியாது. ரசாயனம் மட்டும் தெரிந்தவருக்குப் புழு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துப் படித்ததால்தான் சுப்பாராவால் முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? அதற்குள் போலிக் அமிலமும் இருக்கிறது. கசக்குமோ என்று முகத்தைச் சுளிக்காமல் விழுங்குங்கள். இரண்டு முறை பெயிலான ஒரு மாணவர் விடாமல் படித்ததால் கிடைத்தது அது!