கழனிப் பெண்களின் காவலர் மணலூர் மணியம்மை

கண்மாயில் தண்ணீர் நிறைந்தால் ராமநாதபுரம் சீமையில் பெண்களின் கைகளுக்கு ஓய்வு கிடையாது. நாற்றுப் பறிப்பதும், நடுவதும், களை எடுப்பதும் அவர்கள்தான். கொளுத்தும் வெயிலில் குண்டு மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காய வைப்பதும் அவர்கள்தான்.

ஆனால், உழவர் கதை என்றால் ஏர் பிடித்த ஆணின் கதையாகவே சொல்லப்படுகிறது. குனிந்து நட்ட பெண்ணைப் பற்றி யார் பேசினார்கள்?

பேசினார் ஒருவர். பேசியதோடு நிற்காமல், அவர்களுக்காகப் போராடினார். அவர்தான் மணலூர் மணியம்மை.

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வடக்கே, தொண்டி, மணமேல்குடி, கோடியக்கரை என்று கடலோரமாகவே போனால் நாகப்பட்டினம் வரும். அதைச் சுற்றியுள்ள நெல் வயல்கள்தான் அவர் வாழ்ந்த பூமி. அன்று அது தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது.

இளம் விதவை

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் வாலாம்பாள். நிலபுலன் உள்ள பிராமணக் குடும்பம். சிறு வயதிலேயே, நாகப்பட்டினத்தைச் சேர்ந்த வக்கீல் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். கணவரோ வயதில் மிகவும் மூத்தவர்.

இளமை கழியுமுன்பே கணவர் இறந்தார். மணியம்மை பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். அந்தக் காலத்தில் விதவைப் பெண் வீட்டின் மூலையில் கிடக்க வேண்டும். நல்ல காரியங்களில் முகம் காட்டக் கூடாது.

மணியம்மை மூலையில் கிடக்கவில்லை. மணலூரில் குடும்பத்துக்கு இருந்த நிலத்தைப் பார்க்க வயலுக்கே போனார். அங்கே கண்ட காட்சிகள் அவர் வாழ்க்கையை மாற்றி விட்டன.

வயலில் கண்ட கொடுமை

பண்ணையாள் என்றால் ஒரு ஆள் மட்டும் அல்ல. கணவன் ஒரு பண்ணைக்கு ஆள் ஆனால், அவன் மனைவியும் மக்களும் அந்தப் பண்ணைக்கே உழைக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் சேரியில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்கள்.

பெண்கள் இருட்டோடு எழுந்து வயலுக்கு ஓட வேண்டும். கைக்குழந்தை வரப்போரத்து மரத்தில், பழந்துணித் தூளியில் தொங்கும். பசியால் அது வீறிட்டு அழும். தாயின் காதில் அழுகை விழும். ஆனாலும், கேட்காமல் கரை ஏற முடியாது! நாள் முழுவதும் நடவு நட்டாலும், ஆணுக்கு அளக்கும் நெல்லைவிடப் பெண்ணுக்கு அளக்கும் நெல் குறைவு.

தவறு செய்ததாகச் சொன்னால் சவுக்கடி உண்டு. சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனையும் உண்டு. முழங்காலுக்குக் கீழே துணி கட்டினாலும் குற்றம் என்றார்கள்.

இந்த மக்களின் உழைப்பில்தான் தம் வீட்டுப் பானையும் பொங்குகிறது என்பது மணியம்மைக்குப் புரிந்தது. புரிந்த பிறகு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

வேட்டியும் ஜிப்பாவும்

சாதி வரம்பைத் தாண்டி அவர் சேரிக்குள் போனார். பெண்களின் குறைகளைக் கேட்டார். உறவினர் சீறினர். ஊரார் ஒதுக்கினர். அவர் பின்வாங்கவில்லை.

முதலில் காங்கிரசில் சேர்ந்து கதர் உடுத்தினார். பிறகு, உழவர் பிரச்சினை தீர வேறு வழி வேண்டும் என்று கம்யூனிஸ்டுக் கட்சிக்கு வந்தார்.

புடவையை விட்டு, வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். தலைமுடியைக் கத்தரித்துக் கொண்டார். தற்காப்புக்காகச் சிலம்பம் கற்றார். இது வேடிக்கைக்காகப் போட்ட வேஷம் அல்ல. இரவு பகல் பாராமல் தனியே ஊர் ஊராகப் போக வேண்டிய பெண்ணுக்கு அதுவே துணையாக இருந்தது.

சங்கம் பிறந்தது

1943-ம் ஆண்டு தென்பரை கிராமத்தில் விவசாயிகள் சங்கம் தோன்றியது. பி. சீனிவாசராவ் முதலிய தலைவர்கள் கிராமம் கிராமமாகச் சங்கத்தை வளர்த்தார்கள். மணியம்மை அந்த இயக்கத்தில் முன்னணியில் நின்றார். ஆண்கள் பேச அஞ்சிய இடங்களிலும் பெண்களைத் திரட்டினார். நாகப்பட்டினத்து ஆலைத் தொழிலாளருக்காகவும் பாடுபட்டார். சிறைக்கும் போனார்.

1944-ல் மன்னார்குடியில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய அது வழி செய்தது. 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்டும் வழக்கத்துக்கு அது தடை போட்டது. பலர் சேர்ந்து பெற்ற வெற்றி இது. அந்தப் பலரில் மணியம்மையும் ஒருவர்.

எதிர்பாராத முடிவு

1953-ம் ஆண்டு. திருவாரூர் பக்கத்திலுள்ள பூந்தாழங்குடிக்கு மணியம்மை போயிருந்தார். அங்கே ஒரு மான் பாய்ந்து வந்து அவரைக் கொம்பால் குத்தியது. அந்தக் காயத்தால் அவர் இறந்தார்.

இது தற்செயலாக நடந்ததல்ல, சதி என்று உழவர்கள் பலர் நம்பினார்கள். தங்கள் வீட்டுப் பெண்ணைப் பறி கொடுத்தது போலச் சேரிகள் அழுதன.

முடியாத வேலை

அவர் மறைந்த பிறகும் கூலிப் போராட்டம் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. சம வேலைக்குச் சம கூலி என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சட்டம் 1976-ல்தான் வந்தது.

பின்னாளில் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன், மணியம்மை நடந்த ஊர்களில் தாமும் நடந்து விவரம் திரட்டினார். அவர் கதையைப் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக எழுதினார்.

மணியம்மை வீட்டிலிருந்தே வயிறார உண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். ஆனால், அந்தச் சோற்றை யார் நட்டார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

இன்று நம் வீட்டுத் தட்டில் விழும் சோற்றையும், குழம்பில் இட்ட மிளகாயையும் ஒரு பெண்ணின் கை தொட்டிருக்கிறது. அவள் கைக்கு நியாயமான கூலி போய்ச் சேர்ந்ததா? உண்ணும் முன் ஒரு கணம் அதை நினைத்துப் பார்ப்போம்.