நிழற்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப்

திண்டுக்கல் நகரை அடுத்து, சமவெளியின் நடுவே, கோட்டையைத் தலையில் தாங்கி நிற்கிறது ஒரு பெரும்பாறை. காலை இளவெயிலில் அதன் மடிப்புகளும் வெடிப்புகளும் தெளிவாகத் தெரியும். நண்பகலில் அவை மறைந்து பாறை ஒரே தகடுபோல் தோன்றும். மாலைச் சாய்கதிர் பட்டால் மீண்டும் உயிர்பெறும். பாறை ஒன்றே, ஒளிதான் மாறுகிறது. இவ்வுண்மையை உணர்ந்து, தக்க இடத்தையும் தக்க வேளையையும் தேர்ந்தெடுத்துப் படம் எடுப்பவரே நிழற்படக் கலைஞர் ஆவார். திண்டுக்கல் மதுரை மாவட்டத்தோடு இணைந்திருந்த பழைய நாளில், அம்மாவட்டத்திற்கு வந்து அதன் கோயில்களையும் மாளிகைகளையும் அழியாப் படங்களாக்கியவர் லின்னேயஸ் டிரைப்.

டிரைப் 1822-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். அக்காலத்தில் நிழற்படக் கலை பிறந்து தவழும் குழந்தையாய் இருந்தது. அதனை உலகம் அறிந்ததே 1839-இல்தான். பின்னர் விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது டிரைப் இப்புதிய கலையில் ஈடுபாடு கொண்டார். 1853-இல் இலண்டனில் தோன்றிய நிழற்படச் சங்கத்தில் உறுப்பினரானார். மறு ஆண்டு, படமெடுக்கும் கருவியோடு இந்தியா திரும்பினார். மைசூர் நாட்டின் பேலூர், ஹளபேடு ஆகிய ஊர்களுக்குச் சென்று, அங்குள்ள சிற்பக் கோயில்களைப் படமெடுத்தார்.

1855-இல் சென்னையில் ஒரு பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. தென்னாட்டின் விளைபொருள்களும் கைத்தொழில் நலங்களும் கலைப் பொருள்களும் அங்கே வைக்கப்பட்டன. நடுவர் குழுவினர் அவற்றை ஆராய்ந்து சிறந்தவற்றிற்குப் பதக்கம் வழங்கினர். டிரைப் தம் படங்களுள் 68-ஐ அங்கு வைத்தார். அவற்றிற்கு முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. படைவீரர் ஒருவரின் பொழுதுபோக்காக இருந்த கலை, அன்றுமுதல் அரசினரின் கண்ணில் பட்டது. அவ்வாண்டிலேயே பர்மிய மன்னரிடம் சென்ற தூதுக்குழுவோடு அவர் அனுப்பப்பட்டார். அங்கு எடுத்த படங்களுள் 120, தொகுதியாக வெளிவந்தன. 1856-இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரர் என்னும் பதவி அவரை நாடி வந்தது.

அப்பதவி எளிதானதன்று. கனத்த கருவிகளையும் இரசாயனப் பொருள்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு 1857-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பயணம் புறப்பட்டார். மெழுகு பூசிய தாளில் மருந்திட்டுப் படமெடுப்பது அவர் கையாண்ட முறை. ஒரு படம் பதிய நெடுநேரம் ஆகும். அதற்குள் நடந்து செல்வோரின் உருவம் பதியாமலே மறைந்துபோகும். ஆகவே, மக்கள் நெருக்கம் மிகுந்த மதுரையும் அவர் படங்களில் ஆளரவமற்ற அமைதி நகராகக் காட்சி தருகிறது. குறை என்று கருதத்தக்க இதனையே அவர் நிறைவாக்கினார்; கல்லும் நிழலும் மட்டுமே பேசும் காட்சிகளை அமைத்தார்.

அக்காலத் தாள்களில் நீலவானம் வெறும் வெண்மையாகவே பதியும். மரஞ்செடிகளின் பசுமையோ கருந்திட்டாகிவிடும். டிரைப் எதிர்ப்படிவத் தாளின்மேல் தூரிகையால் நுண்ணிய வண்ணம் தீட்டி, வானில் மேகங்களை வரவழைத்தார். இலைகளுக்கும் தெளிவு தந்தார். பொறி காட்ட இயலாததைக் கைத்திறன் நிறைவுசெய்தது.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை அவர் 1858-இல் படமெடுத்தபோது அது பெரிதும் சிதைந்து கிடந்தது. பின்னர் நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் அது பழுதுபார்க்கப்பட்டது. பழுதுபார்ப்பதற்கு முன் அம்மாளிகை இருந்த நிலையை அறிய, அவருடைய படங்கள் இன்று அரிய சான்றுகளாக விளங்குகின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த செயல் வியக்கத்தக்கது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நீண்ட கல்வெட்டுகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றை ஒரே படத்தில் அடக்குதல் இயலாது. டிரைப் ஒரு பகுதியைப் படமெடுத்தபின் கருவியை நகர்த்தி அடுத்த பகுதியை எடுத்தார். இவ்வாறு 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்தபோது, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படம் உருவாயிற்று. அக்கல்வெட்டுகள் அச்சு நூலாக வெளிவரத் தொடங்கியது அதற்கு 30 ஆண்டுகளுக்குப் பின்னரே என்றால், அவரது முயற்சியின் அருமை விளங்கும்.

மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களின் படங்கள் 1858-இல் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. ஆயினும் அரசின் ஆதரவு நீடிக்கவில்லை. 1857-இல் எழுந்த பெருங்கிளர்ச்சிக்குப்பின் கருவூலம் வறண்டிருந்தது. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், படமெடுக்கும் பணி தேவைக்கு மிஞ்சிய ஆடம்பரச் செலவு எனக் கருதி அதனை நிறுத்தினார். அவர் உழைப்பால் உருவான நிலையம் மூடப்பட்டது. டிரைப் மீண்டும் படைப்பணிக்கே திரும்பினார். பிற்காலத்தில் பர்மாவில் எடுத்த சில படங்கள் தவிர, அவர் கருவியைத் தொடவே இல்லை எனலாம். மேஜர் ஜெனரல் என்னும் கௌரவப் பட்டத்தோடு ஓய்வு பெற்ற அவர், 1902-இல் தாம் பிறந்த ஊரிலேயே காலமானார்.

அவர் கலைப்பணி ஆற்றிய காலம் மிகக் குறுகியது. அக்காலத்தில் அவருக்குக் கிடைத்த பதவியும் நிலைக்கவில்லை. ஆனால் 2014-இல் வாஷிங்டனிலும், அதனைத் தொடர்ந்து நியூயார்க், இலண்டன் நகரங்களிலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மக்கள் அவற்றைக் கண்டு வியந்தனர். போட்டியில் பெறும் பரிசு ஒரு வாயிலைத் திறந்துவிடும். அவ்வாயிலின் வழியே சென்று, பொறுமையோடும் நுண்ணிய பார்வையோடும் உழைப்பவரின் படைப்பையே காலம் போற்றிக் காக்கும்.