மக்கள் மன்றத்தில் அறிவியல்: சர் சி. வி. இராமன்

வானும் கடலும் ஏன் நீலமாக இருக்கின்றன என்பது குழந்தை கேட்கும் கேள்வி. கவிஞனும் கேட்கும் கேள்வி. அக்கேள்வியோடு பல்லாண்டு வாழ்ந்து, கண்ட விடையை ஆய்வுக்கூடத்துக்குள் பூட்டி வையாமல் பொதுமக்கள் கூடும் மன்றத்துக்குக் கொண்டுவந்து சொன்னவர் சர் சந்திரசேகர வேங்கட இராமன். நோபல் பரிசு பெற்ற மேதை என்று அவரை நாடு அறியும். கண்டறிந்ததை மக்களுக்கு எடுத்துரைப்பதும் ஆய்வின் ஒரு பகுதியே என்பதுபோல் அவர் வாழ்ந்தார் என்பதை நினைப்பவர் சிலரே. சொல்லோடு உறவு பூண்ட இலக்கிய வட்டத்தினராகிய நாம் அறிய வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் கல்லூரி ஆசிரியர். அவர் விசாகப்பட்டினத்துக்குப் பணியேற்றுச் செல்லவே, சிறுவனின் கல்வி அங்கே தொடர்ந்தது. 11-ஆம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ. பட்டமும் 1907-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 18-ஆம் வயதில், ஒளி பற்றிய அவருடைய முதற்கட்டுரை இங்கிலாந்தின் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. ஆயினும் அறிவியல் கற்றவனுக்கு அந்நாளில் இந்நாட்டில் ஆராய்ச்சித் தொழில் என்று ஒன்று இல்லை. அரசின் நிதித்துறைத் தேர்வெழுதி, லோகசுந்தரி அம்மையாரை மணந்து, 1907-இல் கணக்குத்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்.

அந்நகரின் பௌபஜார் தெருவில், 210-ஆம் எண் கட்டடத்தில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876-இல் நிறுவிய கழகம் அது. பொதுமக்களுக்கு அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்துவது அதன் தலையாய பணிகளுள் ஒன்று. ஏசு சபைத் துறவியான லஃபோன் போன்றோர் அங்கே செயல்முறை விளக்கங்களுடன் உரையாற்றினர். உரை கேட்க ஆள் வந்தது. ஆராய்ச்சியையே வாழ்வாகக் கொள்ள ஒருவரும் வரவில்லை. அந்த ஏக்கத்தோடு சர்க்கார் 1904-இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, டிராம் வண்டியில் சென்ற இளம் அதிகாரியின் கண்ணில் அக்கழகத்தின் பெயர்ப்பலகை பட்டது. அவர் இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். நிறுவனரின் மகனார் அமிர்தலால் அவரை வரவேற்று, கருவிகளையும் அறைகளையும் அவர் பொறுப்பில் விட்டார்.

அதன்பின், இடமாற்றத்தால் இரங்கூனிலும் நாகபுரியிலும் இருந்த காலம் நீங்கலாக, அலுவலகத்துக்கு முன் காலையிலும், அலுவலகத்துக்குப் பின் மாலையிலும் இரவிலும் அவர் அங்கே உழைத்தார். ஆய்வு செய்த அதே கட்டடத்தில் பொதுமக்களுக்கு உரையும் நிகழ்த்தினார். மக்கள் தந்த பொருளால் எழுந்த கூடத்தில் கண்டறிந்ததை மக்களுக்குச் சொல்வது அவருக்கு இயல்பாகவே அமைந்தது. 1917-இல், அதிக ஊதியம் தந்த அரசுப் பதவியைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார்.

அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள்களும் எவரும் அறிந்தவையே. வீணை, தம்பூரா, மிருதங்கம், தபலா ஆகியவற்றின் ஒலியை அவர் ஆராய்ந்தார். சாதாரணப் பறையின் தோலிலிருந்து எழும் ஒலிகள் ஒன்றோடொன்று சுருதி சேர்வதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே கருஞ்சாந்து பூசப்படுவதால் தோலின் கனம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால் அதன் ஒலிகள் நரம்புக் கருவியின் ஒலிகளைப்போல் இசைந்து ஒலிக்கின்றன. நம் கைவினைஞர்கள் செவியால் அறிந்து கையால் செய்துவந்ததன் காரணத்தை 1920-ஆம் ஆண்டையொட்டிய கட்டுரைகளில் அவர் உலகுக்கு எடுத்துரைத்தார்.

1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. வானின் நீலமே கடலில் பிரதிபலிக்கிறது என்பது அறிஞர் ராலேயின் கருத்து. இராமன் தம்மிடமிருந்த பட்டகத்தால் அப்பிரதிபலிப்பை நீக்கிவிட்டு நோக்கினார். நீலம் மறையவில்லை, மேலும் செறிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று தெளிந்தார். அங்கே தொடங்கிய வழியில் மாணவர்களுடன் ஏழாண்டு நடந்து, கே. எஸ். கிருஷ்ணன் உடன் உழைக்க, 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் தம் பெயரால் வழங்கும் விளைவை உறுதி செய்தார்.

அவ்விளைவை எளிமையாகச் சொல்லலாம். ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு நீர்மத்தின் வழியே செலுத்தினால், சிதறி வருவதில் பெரும்பகுதி அதே நிறத்தில் இருக்கும். மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வரும். சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டிபோல், அவ்வொளி தன் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறுக்குக் கட்டிவிட்டுச் சிவப்பை நோக்கி நகர்கிறது. சில வேளைகளில் மூலக்கூறே ஆற்றலைக் கொடுத்தனுப்ப, ஒளி நீலத்தை நோக்கி நகர்கிறது. ஒவ்வொரு பொருளும் வசூலிக்கும் சுங்கம் வெவ்வேறு. எனவே மாறிய நிறத்தைக் கொண்டே பொருள் இன்னதென்று அறியலாம். இன்று மணிக்கற்களையும் மருந்துகளையும் சிதைக்காமல் சோதிக்க இம்முறை உதவுகிறது.

இக்கண்டுபிடிப்பை அவர் அறிவித்த முறை கருதத்தக்கது. மறுநாளே செய்தித்தாள் வழியாகப் பொதுமக்கள் அறிந்தனர். மார்ச் 16-ஆம் நாள் பெங்களூரில் அறிவியல் ஆர்வலர் கூடிய அவையில் அவர் விரிவாக உரையாற்றினார். அவ்வுரையை விரைந்து அச்சிட்டு உலகெங்குமுள்ள அறிஞர்களுக்கு அனுப்பினார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

1933-இல் பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1934-இல் இந்திய அறிவியல் அகாதமியை நிறுவினார். 1948-இல் தம் பெயரிலமைந்த ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, மணிக்கற்கள், கனிமங்கள், வண்ணத்துப்பூச்சிகள், சிப்பிகள் ஆகியவற்றைத் திரட்டி அங்கே காட்சிக்கு வைத்தார். அவருடைய வானொலி உரைகள் 1951-இல் நூலாயின. 1954-இல் பாரத ரத்னா விருது பெற்ற பின்னும் மாணவர்க்கும் மக்களுக்கும் உரையாற்றுவதை அவர் விடவில்லை. 1968 டிசம்பரில், தம் மாணவர் விக்ரம் சாராபாய் அகமதாபாத்தில் தொடங்கிய மக்கள் அறிவியல் மையத்தின் அடிக்கல் நாட்டு விழாவில், வானம் ஏன் நீலம் என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டார். 80 வயதிலும் முடிவை முதலில் சொல்லாமல், கேட்போரைத் தம்மோடு படிப்படியாக வினவச் செய்து விடைக்கு அழைத்துச் செல்வது அவ்வுரையின் இயல்பு.

ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஆம் நாள் காந்தி நினைவு உரை நிகழ்த்துவது அவர் வழக்கம். 1970-இல் செவியும் ஒலியும் பற்றிப் பேசியதே அவ்வரிசையில் இறுதி உரை. அவ்வாண்டு நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். நிலையத்தின் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.

அவரிடம் குறையும் உண்டு. அதை மறைப்பது அவருக்குப் பெருமை சேர்க்காது. 1933-இல் ஆய்வு மாணவியாகச் சேர வந்த கமலா பாகவத்தைப் பெண் என்பதால் முதலில் மறுத்தார். அவர் விடாது போராடிய பின்னரே நிபந்தனைகளுடன் ஏற்றார். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று அம்மையார் தம் தகுதியை நிறுவினார். உரை மன்றத்தின் கதவை எல்லார்க்கும் திறந்தவர், ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறக்கத் தயங்கினார். இன்னொன்று: அவருடைய புகழ்பெற்ற உரைகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. திருவானைக்காவலில் பிறந்தவரின் ஆய்வைத் தமிழன் தமிழில் அறிய வேறு பலர் உழைக்க வேண்டியிருந்தது. வழக்கறிஞரான பெ. நா. அப்புசுவாமி அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழில் அறிவியல் எழுதினார். சங்கப் பாடல்களில் தோய்ந்தவரும் அவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அவ்வுழைப்பு முடிந்துவிடவில்லை. நம் தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பல்லில் கறை படியும். மேலும் மிகுந்து நெடுநாள் பருகினால் எலும்பும் மூட்டும் இறுகும். நிறமும் மணமும் இல்லாத இக்கேட்டைக் கண்ணால் அறிய இயலாது. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயற்பாட்டுக்கு வந்தது. ஆயினும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஏன் பருகலாகாது என்பதை வேதியியலார் அறிந்தால் மட்டும் போதாது. குடம் எடுத்துச் செல்லும் தாய் தன் மொழியில் அறிய வேண்டும்.

இராமன் விளைவு கண்ட பிப்ரவரி 28-ஆம் நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நம் வட்டம் ஓர் அறிவியலாரை அழைத்து, அவர் ஆய்ந்ததை நம் மக்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லச் செய்யலாம். அவருக்குச் சொல் தடுமாறும் இடத்தில் எடுத்துக் கொடுக்க நம்மிடம் கவிஞர்கள் இருக்கிறார்கள். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் பதினோராம் ஆண்டில் மேற்கொள்ளத்தக்க பணி அது.